நெய் தடவிய சைக்கிள்

கல்யாண வீட்டுக்குள் நுழைந்தால் எல்லோரும் மாப்பிள்ளையைத் தேடுவார்கள். மீரா சாகிபு நாற்காலியைத் தேடுவார். பிளாஸ்டிக் நாற்காலியாக இருந்தால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டைச் செருகிக்கொள்வார். இரும்பு நாற்காலியாக இருந்தால் சாய்மானத்தைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டிப் பார்ப்பார். எதுவாக இருந்தாலும், உட்காரும் முன் வலது உள்ளங்கையை இருக்கையில் ஊன்றி ஓர் அழுத்து அழுத்துவார். தாங்கும் என்று கை சொன்ன பிறகுதான் உடம்பு இறங்கும்.

அன்னவாசல் வட்டாரத்தில் மீரா சாகிபு பண்டாரியைத் தெரியாதவர் கிடையாது. பண்டாரி என்றால் விருந்துக்குப் பிரியாணி ஆக்குகிற தலைமைச் சமையல்காரர். அவர் தம் போட்ட தேக்சாவின், அந்தப் பெரிய பிரியாணி அண்டாவின், மூடியைத் திறக்கும்போது, பந்தியில் உட்காராதவனுக்கும் வாய் ஊறும். கல்யாணத் தேதி குறிப்பதற்கு முன்பே பண்டாரிக்குத் தேதி இருக்கிறதா என்று கேட்கிற வீடுகள் உண்டு.

பெரிய உடம்பு. பெரிய என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வதுதான் மரியாதை. ஆனால் அவரே நிறுத்த மாட்டார். "நான் வாரேன்னா வாசப்படியே ஒதுங்கிக்கும்" என்று தன்னைத் தானே கிண்டல் செய்வார். பள்ளிக்கூடத்து பெஞ்சு, அத்தாவின் மாட்டு வண்டிப் பலகை, நிக்காஹ் முடிந்த வாரத்தில் மாமனார் வீட்டுக் கட்டில் என்று அவருக்குக் கீழே முறிந்த சாமான்கள் ஏராளம். கட்டில் கதையை மட்டும் அவர் மனைவி ரசியா பேகம் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. "அந்தக் கட்டிலுக்கு ஒரு காலு ஏற்கெனவே ஆடிக்கிட்டுத்தான் கெடந்துச்சு" என்பார்.

எது முறிந்தாலும் முதலில் சிரிப்பவர் மீரா சாகிபுதான். அடுத்தவன் சிரிப்பதற்குள் தான் சிரித்துவிட்டால் வலி பாதியாகிவிடும் என்பதைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்திருந்தார். மீதிப் பாதியைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை.

அடுப்படியில் நின்று நின்று முழங்கால் இரண்டும் தேய்ந்துபோனபோது, புதுக்கோட்டை டாக்டர் நடக்க வேண்டாம், சைக்கிள் ஓட்டுங்கள் என்றார். கடையில் இருந்ததிலேயே கனமான சைக்கிளாகப் பார்த்து வாங்கினார். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, கடைவீதி முழுக்கக் கூட்டம் இருக்கிற நேரத்தில், அந்தச் சைக்கிளின் பின்சக்கரம் அப்பளமாக மடங்கியது. நான்கைந்து பேர் சேர்ந்து தூக்கிவிட்டார்கள். "சைக்கிளுக்குப் பண்டாரியா, பண்டாரிக்குச் சைக்கிளா?" என்று டீக்கடையிலிருந்து ஒரு குரல் வந்தது. மீரா சாகிபு எல்லோருக்கும் முன்னால் சிரித்தார். தூக்கிவிட்டவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். சக்கரம் மடங்கிய சைக்கிளை உருட்டவும் முடியாமல் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அதற்குப் பிறகு சமையலுக்குப் போவார், வீட்டுக்கு வருவார். வேறெங்கும் போவதில்லை. எதிலும் ஏறுவதுமில்லை.

ரசியா பேகத்தின் தம்பி ஷாகிர் சார்ஜாவிலிருந்து ஊர் திரும்பியது அந்தச் சமயத்தில்தான். அங்கே ஒரு சைக்கிள் கடையில் பல வருடம் வேலை. மலையிலும் பாலைவனத்திலும் ஓட்டுகிற சைக்கிள்களை, ஓட்டுகிறவனின் உடம்புக்குத் தகுந்தபடி பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்துக் கோக்கிற வேலை. அன்னவாசல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கடை போட்டிருந்தான். அக்கா அவனைப் பார்க்க வந்தார்.

"ஒங்க மச்சானுக்கு ஒரு சைக்கிள் செஞ்சு குடு தம்பி."

"செய்யலாம்க்கா. அதுக்கு ஏன் மொகத்த இப்புடி வச்சிருக்க?"

"ஒடையாததாச் செய்யணும். இதுவும் ஒடஞ்சா அந்த மனுசன் இனி எதுலயும் ஏற மாட்டாரு. வெளிய சிரிச்சுக்கிட்டு உள்ளயே உக்காந்துருவாரு."

ஷாகிர் மச்சானிடம் போய்ச் சொன்னதும் மீரா சாகிபு வழக்கம்போலச் சிரித்தார். "எனக்குச் சைக்கிள் செய்யிறதுக்கு ரயில்வேல சக்கரம் வாங்கணும் மாப்புள" என்றார். ஷாகிர் சிரிக்கவில்லை. எங்கே போக ஆசை என்று மட்டும் கேட்டான். மீரா சாகிபு மேற்கே பார்த்தார். அங்கே தைலமரக் காட்டுக்கு அப்பால் பிறைப்பாறை கிடந்தது.

அது பெரிய மலை ஒன்றும் இல்லை. ஆடு மேய்க்கிறவர்கள் பேசிக்கொண்டே ஏறிவிடுகிற மொட்டைப் பாறை. ரமலான் பிறையைப் பார்க்க ஊர் ஆண்கள் அதன் உச்சிக்குத்தான் போவார்கள். மீரா சாகிபு சின்ன வயதில் ஒரே ஒரு தடவை பாதி ஏறி, மூச்சு முட்டி, கீழே இறக்கிவிடப்பட்டவர். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் அடிவாரத்தில் நின்று, மேலேயிருந்து வருகிற "தெரிஞ்சிருச்சு!" என்ற சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறார். அடிவாரத்தில் நிற்கிறவருக்கு, அவ்வளவு தாழ இருக்கிற பிறையைப் பாறையே மறைத்துவிடும். ஊருக்கே நோன்பு வைக்கச் சொல்லும் பிறையை அவர் அந்தப் பாறையிலிருந்து ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

"அங்கிட்டுத்தானா?" என்றான் ஷாகிர். "அப்பச் சாதா சைக்கிள் ஆகாது. மலை சைக்கிள் வேணும். முதல்ல ஒங்க எடை தெரியணும் மச்சான். எடை தெரியாம சக்கரம் கட்ட முடியாது."

மீரா சாகிபுவின் முகத்திலிருந்து சிரிப்பு போனது. தராசு அவருக்குப் பரம எதிரி. ஆனாலும் அரிசி மண்டிக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிடப் போகிற மத்தியான வேளையில் இருவரும் அங்கே போனார்கள். மூட்டை நிறுக்கிற தராசில் அவர் கண்ணைக் கூரையில் வைத்துக்கொண்டு ஏறி நின்றார். ஷாகிர் பார்த்தான். விசில் அடிக்கவில்லை, புருவம் உயர்த்தவில்லை.

"சரி, எறங்குங்க."

"எவ்வளவு?"

"அது எனக்கும் சக்கரத்துக்கும் தெரிஞ்சாப் போதும்."

இந்த ஒரு பதிலுக்காகவே மீரா சாகிபு அவனை முழுதாக நம்பிவிட்டார்.

பிறகு அளவெடுத்தான். தையல்காரர் எடுக்காத அளவெல்லாம் எடுத்தான். தோள் அகலம், கை நீளம், காலின் உட்பக்க உயரம். கடைசியில் ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து ஸ்டூலில் விரித்து, அதன்மேல் உட்காரச் சொன்னான். மீரா சாகிபு பழக்கப்படி ஸ்டூலை அழுத்திப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். எழுந்தபோது அட்டையில் இரண்டு சின்னக் குழிகள் இருந்தன.

"இதுதான் ஒங்க இடுப்பெலும்பு குந்துற எடம். இதுக்குத்தான் சீட்டு."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். உள்ள இருக்குற எலும்பு எல்லாருக்கும் இருக்குற மாதிரித்தான் இருக்கு மச்சான். என்னோடதுக்கும் ஒங்களோடதுக்கும் ஒரு வெரக்கட கூட வித்தியாசம் வராது."

மீரா சாகிபு அந்த அட்டையைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார். இத்தனை வருடமும் தனக்குள் ஒரு சாதாரண அளவு மனுஷன் உட்கார்ந்திருந்தான் என்பதை நம்ப அவருக்குச் சிரமமாக இருந்தது. அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய் ரசியா பேகத்திடமும் காட்டினார்.

பாகங்களைத் தேர்ந்தெடுக்க மாதக்கணக்கு ஆனது. இருவருக்கும் தினமும் சண்டை. சட்டத்துக்கு அலுமினியம் வேண்டும், லேசாக இருக்கும், எவனோ போனில் காட்டினான் என்றார் மீரா சாகிபு. இரும்புதான் என்றான் ஷாகிர். சாதா இரும்பு இல்லை, க்ரோமோலி என்கிற கலப்பு இரும்பு. பாரம் ஏறினால் கொஞ்சம் வளைந்து கொடுத்து, திரும்ப நிமிர்ந்துகொள்ளும். முன்சக்கரத்தைப் பிடித்து நிற்கிற ஃபோர்க், ஸ்பிரிங் வைத்துக் குதிக்கிறதாக வேண்டும் என்று மீரா சாகிபு ஒற்றைக்காலில் நின்றார். "ஒங்க வெயிட்டுக்கு அது உக்காந்தா எந்திரிக்காது. நேரான இரும்பு ஃபோர்க்குப் போடுறேன். அகல டயருல காத்தக் கொறச்சு வச்சா அதுவே ஸ்பிரிங்கு" என்றான். மெத்தை மாதிரி சீட்டுக்கும் தடை. கெட்டியான சீட்டுத்தான், அட்டையில் விழுந்த குழிகளின் அளவுக்கு. கைப்பிடி மட்டும் அவர் ஆசைப்பட்டபடியே கிடைத்தது. பிரியாணி கிளறுகிறவரின் தோளுக்குத் தக்கபடி நல்ல அகலம்.

கியர்ச் சக்கரம் வந்தபோது மீரா சாகிபு வாயைப் பிளந்தார். முன்னால் பெடலோடு சுற்றுகிற பல்சக்கரம் சின்னதாக இருந்தது, பின்னால் இருப்பதில் பெரியது சோற்றுத்தட்டு அகலத்துக்கு இருந்தது.

"தலைகீழா வாங்கிட்டியா மாப்புள?"

"இல்ல மச்சான். முன்னாடி சின்னது, பின்னாடி பெருசுன்னா காலு நெறையாச் சுத்தும், சைக்கிள் கொஞ்சமா நகரும். ஏத்தத்துல ஒங்க முட்டி அழாது."

சக்கரத்தின் நடுவில் வைக்கிற ஹப் இரண்டும் இங்கே கிடைக்காத தரம். சார்ஜாவிலிருந்து ஊருக்கு வந்த ஒருவரின் லக்கேஜில், கம்பளிக்கும் பேரீச்சம்பழத்துக்கும் நடுவே சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தன. பிரேக்குக்கு டிஸ்க், பிரேக்கைப் பிடித்தால் கட்டைகள் கவ்வி நிறுத்துகிற தட்டு. தோசைக்கல்லைவிடச் சின்னதாக, ஓட்டை ஓட்டையாக, கண்ணாடியாய் மின்னுகிற இரும்புத் தகடுகள். மீரா சாகிபுவுக்கு மொத்தச் சைக்கிளிலும் மனதுக்குப் பிடித்த பாகம் அதுதான்.

ஷாகிர் சக்கரம் கட்டிய நாளில் மீரா சாகிபு சமையல் எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை. கடையில் இரண்டு ஸ்டூலை ஒட்டிப் போட்டு, அழுத்திப் பார்த்து, எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். முப்பத்தாறு கம்பிகள் ஒரு சக்கரத்துக்கு. ஒவ்வொன்றும் முறுக்குத் திருப்புகிற கம்பியாகக்கூடத் தேறாத ஒல்லி. ஒன்றைக் கையில் எடுத்து வளைத்தார். சுலபமாக வளைந்துவிட்டது.

"இதுவா என்னையத் தாங்கப்போவுது?"

"ஒத்தக் கம்பி தாங்காது. இங்க பாருங்க." ஷாகிர் கம்பிகளை ஹப்பிலிருந்து ரிம்முக்கு ஒன்றை ஒன்று குறுக்கே போகும்படி கோத்துக்கொண்டே போனான். "இதுல எதுவும் ஒங்களத் தூக்கிக்கிட்டு நிக்கலை. எல்லாம் நடுவ நோக்கி இழுத்துக்கிட்டு இருக்கு. அந்தப் பக்கம் இழுக்குறதுக்குச் சமமா இந்தப் பக்கமும் இழுக்குது. ஒண்ணு தளந்தாலும் மத்ததுக்குச் சொமை கூடிரும். அதனாலதான் எல்லாத்தையும் ஒரே முறுக்குல வைக்கிறது."

கட்டி முடித்ததும் கம்பிகளை விரலால் ஒவ்வொன்றாக மீட்டினான். எல்லாம் ஒரே சத்தம் போட்டன. மீரா சாகிபுவுக்கு மேல்சட்டைக்குள் புல்லரித்தது. நிறை தேக்சாவை அடுப்பிலிருந்து இறக்குவது நினைவுக்கு வந்தது. இரண்டு பக்கமும் கம்பு கொடுத்து ஆட்கள் தோள் கொடுப்பார்கள். அதில் ஒருவனாலும் தனியாக அதை அசைக்கக்கூட முடியாது. ஆனால் பிஸ்மில்லா சொல்லி எல்லாரும் ஒரே மூச்சில் எழுந்தால், கொதிக்கிற தேக்சா சோறு சிந்தாமல் எழுந்து வரும். ஒவ்வொரு விருந்திலும் தன் கண்ணெதிரே நடக்கிற ஓர் அதிசயத்தை, இந்த ஒல்லிக் கம்பிகளில்தான் அவர் முதன்முதலாகக் கவனித்துப் பார்த்தார்.

"சுபஹானல்லாஹ்" என்றார்.

சைக்கிள் தயாரானபோது ரமலானுக்கு முந்தைய ஷஃபான் மாதம் முடியப்போகிற நேரம். இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் பிறை பார்க்கப் போவதென்று முடிவானது. அன்று மத்தியானம் நோன்புக்கு முந்தைய கடைசிக் கல்யாணம், சமையல் மீரா சாகிபுதான். ஷாகிர் காலையிலேயே சைக்கிளைப் பந்தலுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "புழுதி படாம தொடச்சு வச்சுக்கங்க மச்சான், சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் வாரேன்" என்று சொல்லிப் போனான்.

சொன்னது தப்பில்லை. யாரிடம் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். புதுத் தேக்சா எதுவாக இருந்தாலும் நெய் தடவாமல் அடுப்பில் ஏற்றாதவர் மீரா சாகிபு. பாத்திரத்துக்குச் செய்கிற மரியாதை அது. நெய் காணாத பாத்திரம் அடிப்பிடிக்கும் என்பது அவர் நம்பிக்கை. பந்தி முடிந்ததும் தோளில் கிடந்த துண்டின் ஒரு முனையை நெய்ச் சட்டியில் தொட்டுக்கொண்டு சைக்கிளுக்கு முன்னால் குந்தினார். பிஸ்மில்லா சொன்னார். சட்டம், கைப்பிடி, கம்பிகள் என்று மெதுவாகத் துடைத்தார். அவருக்குப் பிடித்த அந்த இரண்டு டிஸ்க்குகளையும் முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்தார்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, தோளில் கிடந்த துண்டைத் தவிர மற்ற உடுப்பை மாற்றியபோது, ரசியா பேகம் வாசலில் நின்று உதட்டுக்குள் வேண்டிக்கொண்டே சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"துஆ செஞ்சியா?" என்றார் மீரா சாகிபு.

"சைக்கிளுக்குச் செஞ்சேன். அது நல்லா இருந்தா நீங்க நல்லா இருப்பீங்க."

சீட்டை உள்ளங்கையால் அழுத்தினார். இன்னொரு தடவையும் அழுத்தினார். பிறகு ஏறினார். எதுவும் முனகவில்லை. தெருமுனை வரை மூச்சைப் பிடித்துக்கொண்டே போனவர், திரும்பும்போதுதான் மூச்சு விட்டார்.

தைலமரக் காட்டுக்குள் செம்மண் தடத்தில் சருகுகள் டயருக்கு அடியில் நொறுங்கின. வண்டிகள் போகாமலிருக்க வெட்டிய பள்ளம் ஒன்று குறுக்கே வந்தது. அதன் ஓரமாக நடந்து போகிற அளவுக்கு மண் மேடு இருந்தது, அதன்மேல் ஏறிக் கடந்தார். பிறகு பாறை. சொன்னபடி வந்து சேர்ந்திருந்த ஷாகிர் பக்கத்திலேயே நடந்து வந்தான்.

"இப்பப் பெரிய பல்லுக்கு மாத்துங்க."

மாற்றினார். கால் சட்டென்று லேசானது. கால் சுற்றியது, சுற்றியது, சைக்கிள் அங்குலம் அங்குலமாக ஏறியது. அகல டயர் பாறையைக் கவ்விக்கொண்டது. நடந்து வந்த ஷாகிர் மச்சானை முந்திவிடக் கூடாதென்று அடிக்கடி நிற்க வேண்டியிருந்தது. சின்ன வயதில் மூச்சு முட்டிய இடம் வந்தது, போனது. முழங்கால் அழவில்லை. மீரா சாகிபுவின் கண்தான் கலங்கியது, அதை வியர்வை என்று துடைத்துக்கொண்டார்.

உச்சியில் நின்ற கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தது. ஒருவரும் கிண்டல் செய்யவில்லை. கூட்டத்தில் மூத்தவர் ஒருவர், "வாங்க பண்டாரி, எடம் இருக்கு" என்று ஒதுங்கி நின்றார்.

கீழே ஊர் தெரிந்தது. பள்ளிவாசல் மினாரா, கண்மாய்த் தண்ணீர், அவர் சமைத்த பந்தல், எல்லாம் அவருடைய கைக்குள் அடங்குகிற அளவில் இருந்தன. உலகம் தன்னைவிடச் சின்னதாக இருப்பது அவருக்குப் புதுசு இல்லை. அழகாகவும் இருக்கும் என்பதுதான் புதுசு. சூரியன் இறங்கியது. பாறையிலேயே மஃரிப் தொழுதுவிட்டு, எல்லோரும் மேற்கே பார்த்து நின்றார்கள். "ஒத்தப் பனைக்கு வலது கைப்பக்கம், கொஞ்சம் மேல" என்று யாரோ சொன்னார்கள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. வானத்தில் ஒற்றைச் சேமியா இழையை யாரோ வளைத்து ஒட்டியது போல அவ்வளவு மெல்லிசாக இருந்தது. இவ்வளவு சின்ன ஒன்றுக்காக ஊர் முழுக்க நாளை பசித்திருக்கப்போகிறது.

"தெரிஞ்சிருச்சு!" என்று மீரா சாகிபு கத்தினார். அடிவாரத்துக்கு மட்டுமல்ல, ஊருக்கே கேட்டிருக்கும்.

இருட்டு கட்டும் முன் இறங்க வேண்டும். ஷாகிர் பள்ளிவாசலுக்குப் போன் செய்துகொண்டே, "மெதுவா பிரேக்கப் புடிச்சுக்கிட்டே எறங்குங்க மச்சான்" என்று கை காட்டினான். மீரா சாகிபு இறங்கினார். பிரேக்கைப் பிடித்தார். கிறீச் என்று ஒரு சத்தம் வந்தது. அதோடு சரி. சைக்கிள் நிற்கவில்லை. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். வேகம்தான் கூடியது. ஏறும்போது அங்குலம் அங்குலமாக வந்த பாறை, இப்போது காலுக்குக் கீழே ஓடை மாதிரி ஓடியது.

விழப்போகிறோம் என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை. ஐயோ, இதுவும் உடையப்போகிறதே என்பது மட்டும்தான் நெஞ்சுக்குள் இருந்தது. எதிரே பள்ளம். ஓரத்து மண் மேட்டுக்குத் திருப்ப முடியவில்லை. நேராகப் பள்ளத்தின் விளிம்பில் ஏறி, காற்றில் எழும்பி, மறுகரையில் முன்சக்கரமும் பின்சக்கரமும் அடுத்தடுத்து மோதின. அந்த அடி உச்சியில் நின்றவர்களுக்குக் கேட்டது. சைக்கிள் அப்படியே ஓடித் தைலமரச் சருகுக் குவியலுக்குள் புகுந்து சாய்ந்தது.

எல்லோரும் ஓடி வந்தார்கள். மீரா சாகிபு சருகில் உட்கார்ந்திருந்தார். முழங்கையில் சிராய்ப்பு, உதட்டில் மண். கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். ஷாகிர் மச்சானின் கையையும் காலையும் தடவிப் பார்த்துவிட்டு, டிஸ்க்கைத் தொட்டு விரலை மோந்தான்.

"மச்சான், இதுல என்னத்தத் தடவுனீங்க?"

"நெய்யி. புதுச் சாமானாச்சே."

மொத்தக் கூட்டமும் விழுந்து விழுந்து சிரித்தது. ஷாகிர் தலையில் கை வைத்துக்கொண்டு, சொல்லிவைக்காத தன்னையே திட்டிக்கொண்டு சிரித்தான். மீரா சாகிபு மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு முந்தி ஊர் சிரித்தது அதுதான் முதல் தடவை. அது அவர் காதில் விழவும் இல்லை.

"சக்கரத்தப் பாரு மாப்புள" என்றார், கண்ணைத் திறக்காமலே. "சக்கரம் எப்புடி இருக்கு, சொல்லு."

ஷாகிர் சைக்கிளை நிமிர்த்தினான். முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டான். சர்ரென்று சத்தம் கேட்டது. மீரா சாகிபு கண்ணைத் திறந்தார். ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கும் நடுவில், ஒரு நூல் அளவுகூட இங்கிட்டோ அங்கிட்டோ விலகாமல், சக்கரம் நேராகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஷாகிர் அது நின்றதும் கம்பிகளை மீட்டினான். எல்லாம் ஒரே சத்தம் போட்டன.

"பின்னாடி?"

அதுவும் சுற்றியது. அதுவும் நேராக இருந்தது.

"இன்னொரு தடவ சுத்து" என்றார். சுற்றினான். மீரா சாகிபு விசும்பி விசும்பி அழுதார். கூட்டத்தின் சிரிப்பு தானாக அடங்கியது. இத்தனை வருடத்தில் அவர் மொத்தப் பாரத்தோடும் மேலே விழுந்து, முறியாமல் நின்ற முதல் சாமான் அது.

"இங்கயே இருங்க பண்டாரி, ஆட்டோவ வரச் சொல்றோம்" என்றார் மூத்தவர்.

மீரா சாகிபு தலையை ஆட்டினார். எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துண்டில் நெய் மணம் இருந்தது. "இனிமே சமதரைதான். காலால ஊண்டி நிறுத்திக்கிறேன்" என்றார். சைக்கிளின் கைப்பிடியை ஷாகிரிடமிருந்து வாங்கினார்.

சீட்டை அழுத்திப் பார்க்கவில்லை. ஏறி உட்கார்ந்தார்.